இன்கா மலைத்தலங்களில் மாணவர் குழுப் பயணம்: உயரத்தை அடிப்படையாகக் கொண்ட ஓர் ஒழுங்கு

1. முன்னுரை

பெரு நாட்டின் இன்கா தலங்களுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் குழுக்கள், பெரும்பாலும் இடங்களின் புகழைக் கொண்டே பயண நிரலை வகுக்கின்றன. கடல் மட்டத்தில் உள்ள லிமாவில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ள குஸ்கோவில் இறங்கிவிடலாம். அன்று பிற்பகலே அங்குள்ள இடிபாடுகளைச் சுற்றிப் பார்க்கத் தொடங்குவது வழக்கம். இந்த வரிசை உடலுக்கும் ஒவ்வாது, கல்விக்கும் உதவாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. இன்காக்கள் உயரத்தைக் கணக்கிட்டே பயிரிட்டார்கள், சேமித்தார்கள், கட்டினார்கள். அவர்களது தலங்களைக் கற்கும் வரிசையும் உயரத்தையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

2. களங்களும் அவற்றின் உயரமும்

2.1 தாழ்ந்தவை. மச்சு பிச்சு 2,430 மீட்டரில் உள்ளது. மிக உயரமான தலம் என்று பலர் கருதும் இது, உண்மையில் குஸ்கோவைவிட ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் தாழ்ந்தது. உருபம்பா பள்ளத்தாக்கின் ஒல்லான்டாய்தாம்போ சுமார் 2,800 மீட்டரில் இருக்கிறது.

2.2 உயர்ந்தவை. குஸ்கோ நகருக்கு மேலே சாக்ஸாய்வாமான் மதில்கள் 3,700 மீட்டர் அளவிலும், மோராய் வட்டப் படிக்கட்டு வயல்கள் 3,500 மீட்டர் அளவிலும் உள்ளன. மச்சு பிச்சுவுக்கு நடந்து செல்லும் இன்கா பாதை, வார்மிவாஞுஸ்கா கணவாயில் 4,200 மீட்டரைத் தாண்டுகிறது.

3. உயரமும் உடலும்

3.1 காரணம். மலையில் காற்றின் ஆக்சிஜன் விகிதம் குறைவதில்லை; அங்கும் 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தம். குஸ்கோவில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. எனவே ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது.

3.2 அறிகுறிகள். உயர நோயின் அறிகுறிகளான தலைவலி, குமட்டல், களைப்பு, தூக்கமின்மை ஆகியவை 2,500 மீட்டருக்கு மேல் முதல் நாளிலேயே தோன்றலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ மூளை வீங்கியிருக்கலாம். இவை உயிருக்கு ஆபத்தானவை; உடனே கீழே இறங்குவதே முதல் மருத்துவம். வயதில் இளையவர், விளையாட்டு வீரர் என்பதால் யாருக்கும் விலக்கு இல்லை. குழுவில் செல்லும் மாணவர்கள், தம்மால் பயணம் தடைப்படுமோ என்று தலைவலியை மறைப்பதுண்டு. ஆசிரியர் காலையும் மாலையும் ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டறிய வேண்டும்.

3.3 தற்காப்பு. 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவது மருத்துவர் கூறும் பொது விதி. உயர நோயைத் தடுக்கத் தரப்படும் அசிடசோலமைட் மாத்திரையை மருத்துவர் ஆலோசனையின்றி எடுக்கக்கூடாது. விடுதிகளில் தரும் கோக்கா இலைத் தேநீர் அந்த மண்ணின் பழைய விருந்தோம்பல். அதைத் தடுப்பு மருந்தாக நம்பிவிடக் கூடாது. அந்த இலை பல நாடுகளில் தடை செய்யப்பட்டது. ஊருக்கு எடுத்து வரலாகாது.

4. உயரத்தை ஆண்ட அறிவு

4.1 உணவு. பள்ளத்தாக்கில் மக்காச்சோளம், மேட்டில் உருளைக்கிழங்கு என்று உயரத்துக்கேற்பப் பயிர் மாறியது. உறைபனி விழும் இரவுகளில் சிறு கிழங்குகளைத் தரையில் பரப்பி வைப்பார்கள். பகல் வெயிலில் அவை இளகியதும் காலால் மிதித்து நீரைப் பிழிவார்கள். சில நாள் இப்படிச் செய்து காயவைத்தால், ஆண்டுக்கணக்கில் கெடாத சுன்யோ கிடைக்கும். இன்றும் ஆண்டிஸ் சந்தைகளில் அது விற்கிறது.

4.2 சேமிப்பு. ஒல்லான்டாய்தாம்போ ஊருக்கு எதிரே செங்குத்தான பிங்குயூனா மலைச்சரிவில் கல் களஞ்சியங்கள் நிற்கின்றன. வெயிலும் ஈரமும் மிகுந்த வயல்வெளியில் கட்டாமல் அவ்வளவு உயரத்தில் கட்டியதற்குக் காரணம் குளிர்ந்த காற்றோட்டம். மூச்சிரைக்க அங்கே ஏறி நிற்கும் மாணவருக்கு அதை விளக்கத் தேவையில்லை. முகத்தில் படும் காற்றே விளக்கிவிடும்.

4.3 நீர். மச்சு பிச்சுவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அதன் படிக்கட்டு வயல்களில் மேலே வளமண், அதன்கீழ் மணலும் சரளையும், அடியில் பெருங்கற்கள் என்று அடுக்கியிருக்கிறார்கள். மழைநீர் தேங்காமல் வடிந்துவிடுவதால் மலைமுகடு சரியவில்லை. மலை ஊற்றிலிருந்து கல் வாய்க்காலில் வரும் நீர், படிப்படியாக இறங்கும் 16 நீர்த்துறைகளுக்குப் பாய்கிறது.

5. பரிந்துரைக்கும் வரிசை

5.1 முதற்கட்டம். குஸ்கோவில் இறங்கிய அன்றே பேருந்தில் பள்ளத்தாக்குக்கு இறங்கி, ஒல்லான்டாய்தாம்போவில் தங்க வேண்டும். முதல் நாள் ஓய்வு, மறுநாள் களஞ்சியங்கள், அதன்பின் மோராய் சென்று மாலையில் திரும்பலாம்.

5.2 இரண்டாம் கட்டம். ரயிலில் மச்சு பிச்சு.

5.3 மூன்றாம் கட்டம். குஸ்கோ, சாக்ஸாய்வாமான். பயிர், களஞ்சியம், நீர் ஆகியவற்றைப் பார்த்தபின் இன்காக்களின் தலைநகரான குஸ்கோவுக்கு வரும் மாணவர், அந்த மதில்களைக் கட்டியவர்களுக்குச் சோறு போட்ட ஏற்பாட்டை அறிந்தவராக வருவார்.

5.4 நடைப்பயணம். இன்கா பாதையில் நடக்க விரும்பும் குழு, இவை முடிந்தபின்னரே தொடங்க வேண்டும். அங்கே உரிமம் பெற்ற வழிகாட்டியும் முன்பதிவும் கட்டாயம். சுமைப்பணியாளர் உட்பட நாளொன்றுக்கு 500 பேருக்கே அனுமதி. பிப்ரவரியில் பாதை மூடப்படும். குழுவின் சுமையைத் தூக்கி வரும் கெச்சுவா மொழி பேசும் மலைவாழ் மக்களின் கூலி, உணவு, படுக்கை ஆகியவற்றை விசாரித்த பின்பே நிறுவனத்தைத் தேர்வது மாணவர் குழுவின் கடமை.

6. முடிவுரை

குஸ்கோவில் தொடங்கும் வழக்கமான நிரல், முதல் இரண்டு நாட்களைத் தலைவலிக்குக் கொடுத்துவிடுகிறது. பள்ளத்தாக்கில் தொடங்கும் நிரல் அதே நாட்களைப் பாடத்துக்குத் தருகிறது. கூடுதல் செலவும் பெரிதாக இல்லை. ஆகவே முன்பணம் கட்டுமுன் ஆசிரியரும் பெற்றோரும் ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள்: ஒவ்வோர் இரவும் மாணவர் தங்கும் இடத்தின் உயரம், மீட்டரில், எழுத்து வடிவில். அதைத் தர இயலாத ஏற்பாட்டாளரிடம் பிள்ளைகளை ஒப்படைக்க வேண்டாம்.