தடிமன் மாறிவரும்போது வந்த சாவு

காய்ச்சல், தடிமன் என்றால் நாங்கள் மூக்கையும் நெஞ்சையும்தான் யோசிப்போம். ஈரலை ஆர் யோசிக்கிறது?

1963இல் சிட்னியின் சிறுவர் ஆஸ்பத்திரியில் வேலை செய்த நோயியல் நிபுணர் டக்ளஸ் ரேய், இரண்டு சகாக்களோடு சேர்ந்து 'லான்செட்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். 1951க்கும் 1962க்கும் இடையில் அங்கே கொண்டுவரப்பட்ட 21 பிள்ளைகளைப் பற்றியது அது. பலருக்கு முதலில் வந்தது சாதாரண இருமலும் தொண்டை நோவும்தான். அது மாறிவாற நேரத்தில திடீரெண்டு விடாத சத்தி, பிதற்றல், வலிப்பு, பிறகு நினைவே இல்லை. 17 பேர் இறந்துபோனார்கள். உடலைத் திறந்து பார்த்தபோது மூளை வீங்கியிருந்தது. ஈரல் கொழுப்பேறி மஞ்சளாகக் கிடந்தது.

செங்கண்மாரி வைரஸ்போல இன்புளுவென்சா ஈரலில் போய்க் குடியிருப்பதில்லை. இங்கே பழுதாவது ஈரல் கலங்களுக்குள் சக்தி தயாரிக்கிற இழைமணிகள். அவை படுத்தால் கொழுப்பு எரியாமல் தேங்கும். அமோனியாவை யூரியாவாக மாற்றுகிற வேலையும் நின்றுபோகும். அந்த அமோனியா இரத்தத்தோடு மூளைக்கு ஏறுகிறது. கண் மஞ்சளாகிறதும் குறைவு. அதனால ஈரல்தான் பிரச்சினை எண்டு வீட்டில ஒருத்தருக்கும் விளங்காது.

சரி, தடிமன் வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏன் இப்படி நடக்கவில்லை? அமெரிக்காவில் 1979–80 காலத்தில் மட்டும் 555 பேருக்கு இந்த நோய் பதிவானது. ஒகையோ, மிச்சிகன், அரிசோனா மாநிலங்களில் விசாரித்துப் பார்த்தார்கள். நோய் வந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு இன்புளுவென்சாவுக்கோ கொப்புளிப்பானுக்கோ அஸ்பிரின் கொடுத்திருந்தார்கள். காய்ச்சல் குறையட்டும் எண்டு தாய்மார் குடுத்த அதே குளிசை.

எங்களுக்குக் கோபம் வருவது இதற்குப் பிறகு நடந்ததில். 1982இல் அஸ்பிரின் பெட்டியில் எச்சரிக்கை போடப்போவதாக அமெரிக்க அரசு அறிவித்தது. மருந்துக் கொம்பனிகள் எதிர்த்தன. இன்னும் ஆய்வு வேணுமாம். அரசும் அதே வருடத்திலேயே பின்வாங்கியது. கட்டாய எச்சரிக்கை வர 1986 ஆனது. அந்த நாலு வருடத்திலும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வராமல் இருக்கவில்லை.

1987க்குப் பிறகு, 1997 வரைக்கும், அமெரிக்காவில் எந்த வருடமும் 36 பேருக்கு மேல் பதிவாகவில்லை. அதிலும் சிலருக்கு இருந்தது கொழுப்பை எரிக்க முடியாத பிறவிக் குறைபாடு. வெளியில் பார்க்க இதே நோய்தான்.