வேர்முடிச்சுப் பாக்டீரியா

அவரைக் குடும்பத்துப் பயிர்களின் வேர்களிற் குடியேறி, ஆகாயத்து நைட்ரஜனை அவற்றுக்கு உணவாக்கித் தரும் சூக்ஷ்ம ஜீவிகள். 1888-இல் பெய்யெரிங்க் என்ற டச்சு விஞ்ஞானி இவற்றைத் தனியே பிரித்து வளர்த்தார். வேர் கசியவிடும் ஃபிளேவனாய்டுகளை உணர்ந்து இவை பதிலுக்குச் சுரக்கும் பொருளின் பிரபாவத்தால், வேர்த்தூவி வளைந்து சுருண்டு இவற்றை அகப்படுத்திக்கொள்ள, அங்கிருந்து நுண்ணிய இழைக்குழாயொன்று வேரின் புறணிக்குள் நீள, அதன் வழியே இவை உட்புகுந்து பெருகுமிடத்தில் முடிச்சு உண்டாகிறது. நிலக்கடலையோ இதற்கு விலக்கு. அதிற் பக்கவேர் கிளம்பும் இடத்துப் பிளவே வாசல். உயிர்ப்புள்ள முடிச்சின் உட்புறம் இளஞ்சிவப்பாயிருப்பது, பிராணவாயுவைக் கட்டுக்குள் வைக்கும் லெக்ஹீமோகுளோபினால். இவை நைட்ரஜன் தருவதை உபகாரம் என்பது சற்று மிகையே; பயிர் தன் சர்க்கரையில் ஒரு பங்கை இவற்றுக்கு விலையாகக் கொடுக்கிறது.