படத்தின் கீழ் ஒரு வரி

படத்தின் கீழ் எழுதப்படும் ஒரு வரி, அதில் நிற்பவரை வாழவைக்கவும் வல்லது, மறைத்துவிடவும் வல்லது. மலைநாட்டு மக்களின் வரலாறே இதற்குச் சான்று.

புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களுக்கு டார்வின், டெனிசன் என்று பெயர்கள் உண்டு. 1878இல் இங்கே எடுத்த படமொன்றின் தலைப்போ, ‘களுத்துறைக் குடியானவர் கூட்டம்’ என்பதே. அங்கே மனிதர், இங்கே வெறுங்கூட்டம்.

நமது ஊவாவில் நடந்ததென்ன? 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் அவருடைய தேயிலை விளம்பரங்களில் உலகைச் சுற்றியது. அவளுக்குப் பெயரில்லையா? தோட்டத்துச் செக்ரோலில் இருந்தது. ஆனால், தோட்டத்திலே ‘பேர்’ என்றால் ஒருநாட் கூலி; கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’! விளம்பரத்தால் உலகம் கண்ட இம்மக்களிற் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது.

இன்று படங்கள் இணையத்தில் உலவுகின்றன. ஒவ்வொரு படத்துடனும் ‘மாற்றுரை’ என்னும் மறைவான வரியொன்றை எழுதலாம். 1995இல் வகுக்கப்பட்ட எச்.டி.எம்.எல். 2.0 விதிகளிலேயே அதற்கு இடமுண்டு. பார்வையற்றோர்க்குத் திரைவாசிப்பான் அவ்வரியைப் படித்துக் காட்டுகிறது. கூகுள் போன்ற தேடுபொறிகளும் படத்தின் பொருளை அறிய, பக்கத்திலுள்ள பிற சொற்களோடு அதனையும் துணைகொள்கின்றன. எனவே, எந்தச் சொல்லை எழுதுகிறோமோ அந்தச் சொல்லைத் தேடுவோர்க்கே படம் எளிதிற் கிட்டும்.

‘இலங்கை, தேயிலை, அழகு, சுற்றுலா’ என்று சொற்களைக் கொட்டுவது வணிகர் வழக்கம். இத்தகைய திணிப்பு குப்பையாகக் கருதப்படலாம் எனக் கூகுளே எச்சரிக்கிறது. ‘பசறைத் தோட்டமொன்றில், தலையிற் கயிறு மாட்டிக் கூடை சுமந்து, மழையிற் கொழுந்து பறிக்கும் பெண்’ என்று எழுதிப் பாருங்கள். பார்வையற்றவரும் அவளைக் காண்பார். தேடுபவரும் அவளை அடைவார். அவள் இசைந்தால், பெயரையும் எழுதுங்கள். 2014 அக்டோபர் 29இல் மண்சரிவு விழுங்கிய மீரியபெத்தை லயங்களின் படத்துக்கு ‘மலைக்காட்சி’ என்று எழுதுவது பொய்யன்றோ?

ஆசிரியர்களே, மாணவர்களே! பள்ளி விழாப் படமாயினும் தொழிற்சங்கக் கூட்டப் படமாயினும், இணையத்தில் ஏற்றுமுன் அந்த ஒரு வரியைத் தமிழில் உண்மையாக எழுதுவோம். நாம் எழுதாதுவிடின், தேயிலையை விற்பவனே நம்மையும் எழுதிவைப்பான். நூறாண்டுக்கு மேலாக அவன் எழுதியது போதும்.