பெயரும் குரலும்

மைக்கேல் வின்டர்பாட்டமின் 'தி ட்ரிப்' (2010) தொடரில் ஸ்டீவ் கூகனும் ராப் பிரைடனும் சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள். வட இங்கிலாந்து உணவகங்களை மதிப்பிடப் போனவர்கள், நடிகர் மைக்கேல் கெய்ன் மாதிரி யார் சரியாகப் பேசுவது என்று சண்டை பிடிக்கிறார்கள். வழியில் ஏரிப் பிரதேசம். வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் வாழ்ந்த இடம். நகைச்சுவையின் வேர் அங்கிருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இருவர் கவிதைகளும் கொண்ட 'லிரிகல் பாலட்ஸ்' 1798ல் ஆசிரியர் பெயரின்றி வந்தது. 1800ல், இரண்டாம் பதிப்பில், வேர்ட்ஸ்வொர்த் பெயர் மட்டும். கோல்ரிட்ஜ் முன்னுரையில் வெறும் 'நண்பர்'. 1810ல் நேர்ந்த பிளவுக்கு வேறு காரணங்கள் உண்டு. விரிசல் இந்தத் தலைப்புப் பக்கத்திலேயே தெரிகிறது.

கூகனும் பிரைடனும் மோதுவது இரவல் குரலுக்காக. அதனால்தான் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கும் ஒரே மேஜையில் உட்கார முடிகிறது.