இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் ஒரு முன்னுரை

தாம் எழுதிய நூலொன்று மறுபதிப்புக் காணும் வேளையில் அதன் ஆசிரியர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. அன்று எழுதியதை அவ்வாறே விட்டுவிடலாம். அல்லது பின்னாளில் பெற்ற அறிவைக் கொண்டு திருத்தலாம். முன்னது நேர்மை என்பார் உளர். பின்னது பொறுப்பு என்பாரும் உளர். இசைப் படைப்பாளிக்கும் இவ்விக்கட்டு நேர்வதுண்டு. ஜப்பானிய இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே 1954ஆம் ஆண்டில் எழுதிய ஒரு சிம்பொனியை 1979ஆம் ஆண்டில் மீண்டும் கையிலெடுத்தார். அப்போது அவர் தேர்ந்த வழி இவ்விரண்டிலும் அடங்காதது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இஃபுகுபே 1914ஆம் ஆண்டில் ஜப்பானின் வடகோடித் தீவாகிய ஹொக்காய்டோவில், குஷிரோ நகரில் பிறந்தார். தொகாச்சிச் சமவெளியிலுள்ள ஓட்டோஃபுகே என்னும் ஊருக்கு அவருடைய தந்தையார் தலைவராக அமர்ந்தபோது, சிறுவனாகிய இஃபுகுபேயும் உடன் சென்றார். அத்தீவின் தொல்குடியினரான அய்னு மக்களின் பாட்டையும் ஆட்டத்தையும் அவர் அருகிருந்து கண்டது அங்கேதான். தம் ஊரார் ஒருவகையாகவும் அய்னு மக்கள் வேறுவகையாகவும் பாடுவதை இளமையிலேயே கேட்டு வளர்ந்தவர் அவர். இசை என்பது ஒன்றே அன்று என்னும் உண்மையை இந்த அனுபவமே அவருக்கு உணர்த்தியது எனலாம்.

அவர் இசைக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். சப்போரோவிலிருந்த ஹொக்காய்டோ பல்கலைக்கழகத்தில் வனவியல் கற்று, 1935இல் பட்டம் பெற்று, வனத்துறை அலுவலராகப் பணியாற்றியவர். வயலினையும் இசையமைப்பையும் பெரும்பாலும் தாமே முயன்று கற்றார். அவ்வாண்டில் அவர் எழுதிய ‘ஜப்பானிய ராப்சொடி’ பாரிஸில் வழங்கப்பட்ட செரெப்னின் பரிசைப் பெற்றது. மறு ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபேபியன் செவிட்ஸ்கி அதனை நடத்தி அரங்கேற்றினார்.

பின்னர் போர் வந்தது. கதிர்வீச்சு சார்ந்த ஆய்வில் ஈடுபட்டிருந்த அவருடைய தமையனார் இசாவோ 1942இல் காலமானார். போர்க்கால மர ஆராய்ச்சியில் எக்ஸ்-கதிர்களோடு புழங்கிய இஃபுகுபேயும் போர் முடிந்ததும் நோயில் வீழ்ந்தார். காட்டுப் பணியைத் துறந்து, 1946இல் தோக்கியோ இசைக் கல்லூரியில் ஆசிரியரானார். யாசுஷி அகுதகவா, டோஷிரோ மயுசுமி முதலியோர் அவரிடம் பயின்ற மாணவர்கள். இவர்களுள் முன்னவர், ‘ராஷோமோன்’ என்னும் சிறுகதையால் நம்மவர் அறிந்த எழுத்தாளர் ரியுனோசுகே அகுதகவாவின் மகன் என்பது இலக்கிய அன்பர்களுக்குச் சுவையான செய்தியாகும்.

1954ஆம் ஆண்டு இஃபுகுபேயின் வாழ்வில் இரட்டை விளைச்சல் கண்ட ஆண்டு. பிகினித் தீவின் ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் ஜப்பானிய மீனவர்கள் கதிர்வீச்சுக்கு ஆளான அவ்வாண்டில்தான் ‘காட்ஜில்லா’ திரைப்படம் வெளிவந்தது. அதற்கு இசையமைத்தவர் இவரே. பிசின் தடவிய தோலுறையால் கான்ட்ராபாஸின் தந்தியைத் தேய்த்து அவ்விலங்கின் உறுமலை உருவாக்கியதை இன்றும் வியந்து பேசுவர். அதே ஆண்டில் அவர் எழுதி முடித்த மற்றொன்றே ‘சின்ஃபோனியா தாப்காரா’. பாஸ்டனில் இவரை அறிமுகப்படுத்திய செவிட்ஸ்கியே 1955இல் இண்டியானாபொலிஸ் நகரில் இதனையும் அரங்கேற்றினார். இளமைக்கால சப்போரோ நண்பரும் இசைத் திறனாய்வாளருமான அட்சுஷி மியுராவுக்கு இப்படைப்பு காணிக்கையாக்கப்பட்டது.

‘தாப்காரா’ என்பது அய்னு மக்களின் ஆட்டம் ஒன்றைக் குறிக்கும் சொல். பெரியவர் ஒருவர் எழுந்து, நிலத்தை அழுந்த மிதித்து ஆடுவது அது. மூன்று பகுதிகளாலான இந்தச் சிம்பொனியில் அந்த மிதியின் கனம் தொடக்கமுதல் இறுதிவரை கேட்கிறது. ஒரு சிறு சொற்கட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து, அதன்மேல் மெட்டை வளர்ப்பது இஃபுகுபேயின் வழக்கம். நடுப்பகுதி மெல்ல நகரும் இரவைப்போன்றது. இறுதிப் பகுதியோ வாத்தியக் குழு முழுவதும் ஒருங்கே ஆடும் கொண்டாட்டம்.

ஆயினும் இக்கொண்டாட்டத்தின் பின்னே ஒரு துயரமும் உண்டு. 1899இல் இயற்றப்பட்ட ‘பாதுகாப்பு’ச் சட்டம் அய்னு மக்களை உழவர்களாக்க முனைந்து, அவர்தம் மொழியும் வழக்கங்களும் மங்கக் காரணமாயிற்று. சிம்பொனி எழுதப்பட்ட 1954இலும், திருத்தப்பட்ட 1979இலும் அச்சட்டம் நடைமுறையில் இருந்தது, 1997இல்தான் நீக்கப்பட்டது. அய்னு மக்களைத் தொல்குடியினர் என்று சட்டம் ஏற்றது 2019இல். குடியேறியவர்களின் ஊர்த் தலைவருடைய மகன், அக்குடியேற்றத்தால் நிலமிழந்தோரின் ஆட்டத்தைத் தன் படைப்புக்குப் பெயராக்கலாமா என்று ஒருவர் வினவினால், அவ்வினாவைப் புறந்தள்ள இயலாது.

படைப்பு வெளிவந்த பின் காலம் வேறு திசையில் விரைந்தது. 1957இல் டோரு தாகெமிட்சு தந்திக் கருவிகளுக்கான ‘ரெக்வியெம்’ எழுதினார். மறு ஆண்டு, இஃபுகுபேயின் மாணவர் மயுசுமியே கோயில் மணிகளின் ஒலியை ஆராய்ந்து ‘நிர்வாண சிம்பொனி’ படைத்தார். 1967இல் தாகெமிட்சுவின் ‘நவம்பர் ஸ்டெப்ஸ்’, பீவா, ஷாகுஹாச்சி என்னும் மரபுக் கருவிகளோடு நியூயார்க்கில் ஒலித்தது. புதிய ஒலியுலகைத் தேடிய அச்சூழலில் மெட்டையும் தாளத்தையும் நம்பிய இஃபுகுபே பழைய காலத்தவராக எண்ணப்பட்டார். பொதுமக்களோ அவரைத் திரையிசைக்காரராக மட்டுமே அறிந்திருந்தனர்.

அவரை மீண்டும் மேடைக்கு அழைத்தவர் மாணவர் அகுதகவா. அவர் 1956இல் தொடங்கி வளர்த்த ‘ஷின் கோக்கியோ’ வாத்தியக் குழு, தொழில்முறைக் கலைஞரல்லாத ஆர்வலர்களால் ஆனது. 1970களின் பிற்பகுதியில் அக்குழு, மறக்கப்பட்ட ஜப்பானியப் படைப்புகளைத் தேடியெடுத்து இசைக்கலாயிற்று. திருத்தப்பட்ட ‘தாப்காரா’வை 1980இல் அரங்கேற்றியதும் அதுவே. அலுவலும் பள்ளியும் முடிந்து கூடும் மனிதர்களே ஒரு நாட்டின் இசை வரலாற்றை மீட்டனர் என்பது சிறு வட்டங்களை நடத்துவோர் நினைவில் கொள்ளவேண்டிய செய்தி.

அத்திருத்தத்தில் இஃபுகுபே செய்தது யாது? காலத்துக்கேற்பப் புதுமைக் கோலம் பூட்டவில்லை. வாத்திய அமைப்பில் பல மாற்றங்கள் செய்தபோதும் படைப்பின் உருவத்தையும் குணத்தையும் அவர் மாற்றவில்லை. முதல் வடிவம் விரைவான நடையில் உடனே ஆட்டத்துள் பாய்ந்தது. புதிய வடிவத்திலோ அதற்கு முன்னால் மெதுவான ஒரு தொடக்கத்தைச் சேர்த்தார். பின்னர் விரைந்து வரவிருக்கும் மெட்டு, அங்கே தாழ்ந்த குரல் தந்திகளில் நிதானமாக எழுகிறது. ஆட்டத்தைக் கேட்குமுன் ஆடுகளமாகிய நிலத்தை நாம் காண்கிறோம்.

நாற்பது வயதில் ஆட்டத்தை எழுதியவர், அறுபத்தைந்தில் அதற்கு முன்னுரை எழுதினார் என்றே நான் இதனைக் கருதுகிறேன். அந்த முன்னுரை, மேலே எழுந்த வினாவுக்கு விடை ஆகாது. ஓர் இசைத் தொடக்கம் இழந்த நிலத்தை மீட்டுத் தருவதில்லை. எனினும், பிறருடைய மகிழ்ச்சியுள் பாய்ந்து புகுவதற்குமுன் சற்றே நின்று, அது யாருடைய மண் என்று நினைவுகூரும் அடக்கம் அதில் ஒலிக்கிறது. அவர் அவ்வாறு எண்ணித்தான் எழுதினாரா என்பது வேறு. கேட்கும் செவிக்கு அது அவ்வாறே புலப்படுகிறது.

இஃபுகுபே 2006இல் மறைந்தார். அகுதகவா அதற்கு முன்னரே, 1989இல், காலமானார். இன்று இச்சிம்பொனி பெரும்பாலும் திருத்திய வடிவிலேயே இசைக்கப்படுகிறது. ஜப்பானின் மாணவர் குழுக்களும் ஆர்வலர் குழுக்களும் அதை விரும்பி எடுத்தாள்கின்றன.

பத்தாண்டு கடந்து, தன் தொடக்க நாள்களைத் திரும்பிப் பார்க்கும் ஓர் இலக்கிய வட்டத்தின் மலரில் இக்கதையைச் சொல்வது பொருத்தமே. பழைய பக்கங்களைக் கண்டு நாணவேண்டுவதில்லை. அவற்றைத் தொழவும் வேண்டுவதில்லை. அன்று அவசரத்தில் சொல்லாது விட்ட முதற்சொல் எது என்று தேடிக் கண்டு, அதனை உரிய இடத்தில் சேர்த்தல் போதும்.