198 மரம், நாலு பீவர், ஒரு வழக்கு

இந்த எபிசோட்ல ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். உங்களுக்குச் சொந்தமா ஒரு காடு இருக்கு. வரி கட்டுறீங்க, பத்திரம் உங்க பேர்ல இருக்கு. ஒரு நாள் அரசாங்கம் பக்கத்து ஓடையில நாலு விலங்கைக் கொண்டுவந்து விடுது. அதுங்க குட்டி போட்டுப் பெருகி உங்க மரத்தையெல்லாம் சாய்க்குது. "இதைத் தொடக்கூடாது, தொந்தரவு பண்ணக்கூடாது"னு சட்டமும் இருக்கு. இப்போ நஷ்டத்தை யார் கொடுக்கணும்?

இது கற்பனை இல்லைங்க. நியூயார்க் மாநிலத்துல நடந்தது. டைம்ஸ் ஸ்கொயர் இருக்கிற நியூயார்க்கை மறந்துடுங்க. மாநிலத்தோட வடக்குல அடிரோண்டாக்னு ஒரு பெரிய மலைக்காடு. அங்க ஒண்ணோட ஒண்ணு கோத்த மாதிரி சில ஏரிகள் இருக்கு, ஃபுல்டன் செயின்னு பேரு. அதுல நாலாவது ஏரிக்கரையில பேரட் குடும்பத்துக்கு நல்ல விலை போகக்கூடிய காடு இருந்தது. வீட்டு மனையா விக்கலாம்னு வச்சிருந்தாங்க. மனைக்கு மவுசே அந்த மரங்களாலதான். நிலத்தோட பின்பக்க எல்லையா ஓடினது ஈகிள் க்ரீக்னு ஒரு ஓடை. 1912லயும் அதுக்கு முந்தின ரெண்டு மூணு வருஷத்துலயும் அந்தக் காட்டுல 198 பாப்லர் மரங்கள் போச்சு. இது போக, பட்டையைச் சுத்திக் கடிச்சுவிட்டதால பட்டுப்போன மரங்கள் தனி.

வேலையைக் காட்டினது பீவர். சில பேர் இதை நீர்நாய்னு மொழிபெயர்க்கிறாங்க, அது தப்பு. நம்ம காவிரியில இருக்கிற நீர்நாய் மீன் பிடிச்சுத் தின்னும். பீவர் எலி, அணில் வகையறா, சுத்த சைவம். 15 முதல் 30 கிலோ எடை, தட்டையான வால், ஆரஞ்சு நிறத்துல முன்பல்லு. பல்லுல இரும்புச் சத்து இருக்கிறதாலதான் அந்த நிறம், அந்த உறுதி. அதை வச்சு மரத்தைச் சாய்க்கும், கிளையை அளவா வெட்டும், தண்ணியில மிதக்கவிட்டு வீட்டுக்கு ஓட்டிட்டுப் போகும்.

சரி, அரசாங்கம் ஏன் இதைக் காசு கொடுத்து வாங்கி விட்டுச்சு? அதுக்குக் கொஞ்சம் பின்னால போகணும்.

ஐரோப்பாவுல கிட்டத்தட்ட முந்நூறு வருஷம், கௌரவமான ஆம்பளைன்னா தலையில தொப்பி இருக்கணும். நல்ல தொப்பின்னா பீவர் ரோமத்துல செஞ்சதா இருக்கணும். அந்த உள்ரோமத்துல கண்ணுக்குத் தெரியாத கொக்கி மாதிரி இருக்கும். அடிச்சு அழுத்தினா ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு கெட்டியான ஃபெல்ட் துணியா மாறிடும், மழையில நனைஞ்சாலும் குலையாது. ஐரோப்பாவுல பீவர் தீர்ந்துபோனதும் வட அமெரிக்காவுல கை வச்சாங்க. 1670ல ஆரம்பிச்ச ஹட்சன்ஸ் பே கம்பெனி வளர்ந்ததே இந்தத் தோல் வியாபாரத்துலதான். இன்னிக்கும் நியூயார்க் நகரத்தோட முத்திரையில பீவர் இருக்கு. ஆஸ்டர் பிளேஸ் சப்வே ஸ்டேஷன் சுவர்ல பீவர் படம் போட்ட ஓடு பதிச்சிருக்கும். அந்த ஆஸ்டர் தோல் வித்தே கோடீஸ்வரர் ஆனவர்.

முத்திரையில இருந்தது, ஓடையில இல்லாம போச்சு. 1900ல மாநிலம் முழுக்க மிஞ்சினது சுமார் 15 பீவர்தான்னு அப்புறம் நீதிமன்றமே பதிவு பண்ணுச்சு. அந்த வருஷம் வேட்டைக்கு முழுத் தடை வந்தது. ஹாரி ராட்ஃபோர்டுன்னு ஒரு இளம் பத்திரிகைக்காரர், அடிரோண்டாக் மேல பைத்தியமா இருந்தவர், பீவரைத் திரும்பக் கொண்டுவரணும்னு விடாம எழுதினார், ஆள் பிடிச்சார். 1904ல சட்டசபை 500 டாலர் ஒதுக்குச்சு, 1906ல இன்னும் 1,000. கூடவே ஒரு விதி: பீவரையோ, அதோட அணையையோ, வீட்டையோ யாரும் தொந்தரவு பண்ணக்கூடாது. மொத்தம் 21 பீவர் வாங்கினாங்க. அதுல நாலு, பேரட் நிலத்துக்குப் பின்னால ஓடுற அதே ஈகிள் க்ரீக்ல இறங்குச்சு.

சில வருஷத்துலயே மரம் விழ ஆரம்பிச்சாச்சு.

பேரட் தரப்பு மாநிலத்து மேல இழப்பீடு கேட்டுப் போனாங்க. முதல் கட்டத்துல ஜெயிச்சாங்க. அந்த நாலு பீவரும் அதோட வாரிசுகளும்தான் காரணம்னு ஏத்துக்கிட்டு 1,900 டாலர் கொடுக்கச் சொன்னாங்க. மேல்முறையீட்டுலயும் அதே முடிவு. மாநிலம் விடாம உச்சபட்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. அங்க 1917ல தீர்ப்பு தலைகீழா மாறுச்சு. பைசா கிடையாது.

அந்தத் தீர்ப்பை நான் ரெண்டு தடவை படிச்சேன். முதல் தடவை கோபம் வந்தது. ரெண்டாவது தடவை, இதை இவ்வளவு நேர்மையா எழுதியிருக்காங்களேன்னு தோணுச்சு. வாதம் என்னன்னா: காட்டு விலங்கு யாரோட தனிச் சொத்தும் இல்லை, மொத்த மக்களோடது. மக்கள் சார்பா அதைக் காப்பாத்துறது அரசோட அதிகாரம். காப்பாத்தினா யாரோ ஒருத்தருக்கு நஷ்டம் வரத்தான் செய்யும். மான் பயிரை மேயும், ராபின் குருவி செர்ரிப்பழத்தைக் கொத்தும். அதுக்கெல்லாம் அரசு காசு கொடுக்கிறதில்லை, பீவருக்கு மட்டும் ஏன் தனி விதி?

பேரட் தரப்பு வக்கீல் கிட்ட இன்னொரு அம்பு இருந்தது. மான் தானா வந்தது, இதை நீங்க வாங்கிக் கொண்டுவந்து விட்டீங்க, கூண்டுல புலி வளர்க்கிறவன் மாதிரி நீங்கதான் பொறுப்புன்னார். ஓடையில விட்ட அந்த நிமிஷமே அது அரசோட கைவசத்துல இல்லை, அது சுதந்திர விலங்குன்னு சொல்லிட்டாங்க. பீவர் வேலை செய்யறதைப் பார்க்கிறதே மக்களுக்கு ஒரு பாடம், ஒரு சந்தோஷம்னும், கழுகை அதோட அழகுக்காகக் காப்பாத்துற மாதிரிதான் இதுவும்னும் தீர்ப்புல இருக்கு. 1917ல ஒரு நீதிமன்றம் இப்படி எழுதியிருக்குங்கிறது பெரிய விஷயம். ஆனா அந்த அழகுக்கான பில் மொத்தமும் ஒரே குடும்பத்து மேசைக்குப் போச்சு. அது எனக்கு இன்னும் உறுத்துது.

பேரட் வழக்கு வெட்டுப்பட்ட மரம் பத்தினது. பீவர் பெருகப் பெருக அதைவிடப் பெரிய தலைவலியா வந்தது தண்ணி. இது ஏன் அணை கட்டுதுன்னு தெரிஞ்சாதான் அது புரியும். பீவர் தரையில தத்தி தத்தி நடக்கும், ஓநாய் வந்தா அவ்வளவுதான். தண்ணிக்குள்ளதான் அதுக்குப் பாதுகாப்பு. வீட்டு வாசல் தண்ணிக்கு அடியில இருக்கும். குளிர்காலத்துல மேல ஐஸ் உறைஞ்சாலும், வாசலும் சேமிச்சு வச்ச கிளையும் உறையாம இருக்கிற ஆழம் வேணும். அதனால ஓடையை மறிச்சு மட்டத்தை ஏத்துது. ஓடைக்கரை தட்டையான காடா இருந்தா, ஒரு முழம் மட்டம் ஏறினாலே பெரிய பரப்பு முழுகிடும். வேருக்கு ஆக்சிஜன் இல்லாம மரம் நின்ன இடத்துலயே சாகும். நிலத்துக்காரருக்கு மிஞ்சுறது சாம்பல் நிறக் கட்டைகள் நிக்கிற ஒரு குளம்.

அணையை உடைச்சுட்டா? எல்லாருக்கும் முதல்ல தோணுறது இதுதான். பகல் பூரா கடப்பாறையோட உடைச்சுட்டு வாங்க, பல நேரம் மறுநாள் காலையில அணை அங்கேயே இருக்கும். பிடிச்சுக் கொன்னுட்டா? 1924ல நியூயார்க் மறுபடியும் பொறி வைக்கிற சீசனைத் திறந்தது. ஆனா பீவர் குட்டிக்கு ரெண்டு வயசு ஆனா அப்பா அம்மாவை விட்டுக் கிளம்பிப் புது ஓடை தேடும். நீங்க காலி பண்ணின இடம்தான் அதுக்குக் கிடைக்கிற நல்ல இடம். கொஞ்ச நாள்ல புதுக் குடித்தனம் வந்துடும்.

வேற எங்கயாவது கொண்டுபோய் விட்டா? இங்கதான் கதை விமானம் ஏறுது.

இடாஹோ மாநிலம், 1948. போர் முடிஞ்சு மெக்கால் ஊர்ப் பக்கம் ஜனங்க குடியேற, அங்க இருந்த பீவரோட தகராறு. மாநில வனவிலங்குத் துறையில எல்மோ ஹீட்டர்னு ஒரு அதிகாரி. அதுக்கு முன்னால கோவேறு கழுதை, குதிரை மேல கட்டி மலைக்குள்ள அனுப்பிப் பார்த்தாங்க. வெயில்ல பீவர் செத்துச்சு, நாத்தத்துக்கும் சத்தத்துக்கும் குதிரை மிரண்டுச்சு. ஹீட்டர் போர்ல மிச்சமான பாராசூட்டை எடுத்தார். தரையில மோதினதும் தானா திறக்கிற மரப்பெட்டி செஞ்சார். முதல்ல வில்லோ மரக் குச்சியில பெட்டி பின்னலாம்னு யோசனை. பீவர் அதைத் தின்னுட்டு விமானத்துக்குள்ளயே உலாவினா என்ன ஆகும்னு கைவிட்டாங்க! சோதனைக்கு ஒரு கிழட்டு ஆண் பீவர், பேரு ஜெரோனிமோ. அதைத் திரும்பத் திரும்ப வானத்துல இருந்து போட்டுப் பார்த்தாங்க. கடைசியில ஆள் கிட்ட வந்தாலே தானா பெட்டிக்குள்ள ஏறி உக்காந்துக்குமாம். சம்பளமா, முதல் பயணத்துல மூணு பெண் பீவரோட அதை அனுப்பிவச்சாங்க. மொத்தம் 76 பீவர் சேம்பர்லின் பேசின்கிற மலைப்பகுதியில இறங்குச்சு. ஒண்ணு மட்டும் நடுவானத்துல பெட்டியை விட்டு வெளிய வந்து விழுந்து செத்துச்சு.

திட்டம் ஜெயிச்சது. ஆனா அது ஆளே இல்லாத மலை கையில இருந்ததால. மத்த இடத்துல உங்க பீவரைப் பிடிச்சு அடுத்த ஓடையில விட்டா, அது அடுத்தவரோட காட்டுப் பிரச்னை. அதனாலதான் பல மாநிலங்கள்ல அனுமதி இல்லாம இடம் மாத்தக்கூடாது.

ரொம்ப நாள் கழிச்சு வந்த யோசனை வேற மாதிரி. ஸ்வீடன் ஆய்வாளர் லார்ஸ் வில்சன் தண்ணி ஓடுற சத்தத்தை ஒலிபெருக்கியில போட்டுப் பார்த்தார். பீவர் குச்சியைக் கொண்டுவந்து ஒலிபெருக்கி மேலேயே அடுக்குச்சு. கசிவுச் சத்தம் கேட்டா அடைக்கணும், இது அதோட ரத்தத்துலயே இருக்கு. 1990கள்ல மெய்ன் மாநிலத்துல, பெனாப்ஸ்காட் பழங்குடி மக்களோட நிலத்துல வேலை பார்த்த ஸ்கிப் லைல் இதைத் திருப்பிப் போட்டார். பீவர் பார்வையில, ரோடுங்கிறது ஒரு நல்ல அணை, அடியில இருக்கிற குழாய் அதுல ஒரு ஓட்டை. ஓட்டையை அடைச்சா வேலை முடிஞ்சது. லைல் அந்தக் குழாய் வாய்க்கு முன்னால அகலமா ஒரு வேலி போட்டார். தண்ணி பரவி மெதுவா நுழையுது, சத்தம் இல்லை, இழுப்பு இல்லை. எங்க அடைக்கிறதுன்னு பீவருக்குப் பிடிபடலை. பேரே பீவர் டிசீவர், அதாவது பீவரை ஏமாத்துறது. அணைக்குன்னா, அதுக்குள்ள ஒரு நீளமான குழாயைச் செருகி, தண்ணி உள்ள போற முனையைக் கரையில இருந்து தள்ளி ஆழத்துல கம்பிக்கூண்டு போட்டு மறைச்சுடுவாங்க. அணை நிக்கும், பீவர் இருக்கும், மட்டம் மட்டும் நீங்க வச்ச உயரத்தைத் தாண்டாது.

எல்லா இடத்துலயும் இது நடக்காது. ரொம்பத் தட்டையான நிலத்துல, பீவருக்குத் தேவையான ஆழமும் உங்க மரத்துக்குத் தேவையான காய்ஞ்ச தரையும் ஒத்துவராது. நியூயார்க்ல அணையில கை வைக்க இன்னிக்கும் மாநிலத்தோட அனுமதி வேணும், அந்த 1904 விதியோட வாரிசு அது. அனுமதி வாங்கிக் குழாயும் போட்டாச்சுன்னு வைங்க. கூண்டுல இலையும் சேறும் சேரும். அப்பப்போ யாராவது மார்பளவு குளிர்ந்த தண்ணியில இறங்கி அதைச் சுத்தம் பண்ணணும். அந்த யாராவது, நிலத்துக்குச் சொந்தக்காரர்.