சாண்ட்பேகர்

பெயர்ச்சொல். திறமையை மறைத்து, கீழ்ப்பிரிவிலேயே ஆடிப் பரிசைத் தட்டிச் செல்பவர். நேர்ப்பொருள்: மணல்பைக்காரர். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வழிப்பறிக்காரர்கள் மணல் நிரப்பிய சிறு பையால் பின்மண்டையில் அடித்து வீழ்த்தினார்கள். சொல் அங்கிருந்து போக்கருக்குப் போனது: நல்ல சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்து, பந்தயம் ஏறியதும் பாய்பவர். பிறகு கோல்ஃப், வட்டு எறிந்து ஆடும் டிஸ்க் கோல்ஃப். டிஸ்க் கோல்ஃபில் தொழில்முறைப் பிரிவுக்குப் பணம். அமெச்சூருக்கு வட்டு, பை போன்ற பொருள்கள். மேலே போய்க் கடைசியில் நிற்பதைவிடக் கீழே முதலில் நிற்பது லாபம். செஸ்ஸை வைத்துச் சொன்னால் எளிதில் புரியும்: '1600-க்குக் கீழ்' போட்டிப் பரிசுக்காக வேண்டுமென்றே தோற்று ரேட்டிங்கை இறக்கிவைப்பது. புலி பதுங்குவது பாய்வதற்கு என்பார்கள்; இந்தப் புலி ஆட்டுப்பட்டியை விட்டு வெளியே வருவதே இல்லை.